எந்தப் பழைய படத்துக்குப் போகலாம்? என் கணக்கில் ஜாலான் அம்பாஸுக்குத்தான் முதலிடம்

சிங்கப்பூரில் பழைய படங்களைப் பெரிய திரையில் பார்க்க இடம் குறைந்துகொண்டே வருகிறது. கோல்டன் மைல் டவரில் 2014-ல் தொடங்கிய ப்ரொஜெக்டர் என்ற தியேட்டர் 2025 ஆகஸ்டில் மூடப்பட்டது. மிச்சமிருப்பதில் முக்கியமானது கேனிங் ரைஸில், தேசிய ஆவணக் காப்பகக் கட்டடத்துக்குள் இருக்கும் ஓல்டம் தியேட்டர். ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை நடத்துகிறது. இதைத் தவிர 1987-ல் தொடங்கிய சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழா, ஜப்பானியத் திரைப்பட விழா, தேசியக் கலைக்கூடத்திலும் கலை அறிவியல் அரும்பொருளகத்திலும் அவ்வப்போது நடக்கும் திரையிடல்கள், அவ்வளவுதான். இந்த இடங்களில் ஒரு படத்தை ஒரு முறை போடுவார்கள், மிஞ்சினால் இரண்டு முறை. வெள்ளிக்கிழமை தவறவிட்டால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று கொஞ்சம் யோசித்துத்தான் டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கிறது.

நிறையப் பேர் "உலகின் தலைசிறந்த நூறு படங்கள்" மாதிரி ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் மேலே இருக்கும் பெயரைப் பார்த்து டிக்கெட் எடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் உங்களோடு யார் வருகிறார்கள், அவர்களால் ஆங்கில சப்டைட்டிலை அந்த வேகத்தில் படிக்க முடியுமா, எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும் என்பதெல்லாம் பட்டியல் போட்டவருக்குத் தெரியாது. நான் மூன்று விஷயம் பார்ப்பேன். கூட வருபவர் யார், மடிக்கணினியில் கிடைக்காத எது தியேட்டரில் கிடைக்கும், இந்தப் படம் மறுபடி இந்த ஊருக்கு எப்போது வரும். இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் சிங்கப்பூர்த் தமிழர்கள் முதலில் பார்க்க வேண்டிய படம் எல்லாரும் சொல்கிற பெயர்களில் ஒன்றாக இருக்காது. அது ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் பாடகரும் நடிகரும் இயக்குநருமான பி. ரம்லி எடுத்த மலாய்ப் படம்.

மலாய்ப் படம் என்று அட்டவணையில் பார்த்ததும் நம்மில் பலர் அடுத்த வரிக்குத் தாண்டிவிடுகிறோம், அது நமக்கானது இல்லை என்ற நினைப்பில். எனக்கு இது உண்மையிலேயே வருத்தமான விஷயம். பாலஸ்டியர் சாலையிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெரு ஜாலான் அம்பாஸ். அங்கே எட்டாம் எண்ணில் ஷா சகோதரர்களின் மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ் ஸ்டூடியோ இருந்தது. 1947-லிருந்து 1967 வரை 150-க்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. அந்தப் படங்களை ஆரம்ப காலத்தில் இயக்கியவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். 1934-ல் 'லைலா மஜ்னுன்' எடுத்த பி.எஸ். ராஜ்ஹான்ஸ்தான் பினாங்கில் பாடிக்கொண்டிருந்த ரம்லியைக் கண்டுபிடித்து 1948-ல் சிங்கப்பூருக்கு வரவழைத்தவர். 1950-ல் 'பக்தி' என்ற படத்தில் ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். 1956-ல் 'ஹங் துவா'வை வண்ணத்தில் எடுத்த ஃபணி மஜும்தார் வங்காளி. போட்டிக் கம்பெனியான கேத்தே-கெரிஸுக்காக 1957-ல் 'பொந்தியானாக்' என்ற பேய்ப்படம் எடுத்து ஊரையே பயமுறுத்திய பி.என். ராவ் கேரளத்துக்காரர். இவர்கள் கையோடு கொண்டுவந்தது நம் ஊர் சினிமாவின் வழக்கங்களை. எங்கே பாட்டு வரும், எங்கே அம்மா அழுவாள், சோகக் காட்சிக்குப் பிறகு எப்போது காமெடியன் நுழைவான் என்று பார்க்கும்போதே நமக்குத் தெரிந்துவிடும். ஐம்பது, அறுபதுகளின் தமிழ்ப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் படங்களில் அந்நியமாக ஒன்றுமே இருக்காது.

ரம்லி 1955-ல் 'பெனாரிக் பெச்சா' படத்தில் இயக்குநராகி, 1964-ல் கோலாலம்பூருக்குப் போகும்வரை சிங்கப்பூரில் எடுத்தவற்றில் இரண்டு படங்களை எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம்: 1962-ல் வந்த 'இபு மெர்த்துவாகு', 1961-ல் வந்த 'செனிமான் புஜாங் லாப்போக்'.

முதலாவதன் பெயருக்கு 'என் மாமியார்' என்று அர்த்தம். காசிம் செலாமாட் சாக்ஸஃபோன் வாசிக்கிறவன். வானொலியில் அவன் வாசிப்பைக் கேட்டே காதலிக்கிறாள் பணக்கார வீட்டுப் பெண் சபாரியா. அவளுடைய அம்மா நியோன்யா மன்சூர், மாப்பிள்ளையாக வருகிறவன் என்ன வேலை பார்க்கிறான், வக்கீலா, நீதிபதியா என்று கேட்டுவிட்டு, இசைக்காரன் என்றதும் கொதிக்கிற காட்சியைப் பார்க்கும்போது நம் வீடுகளில் நடந்த பெண் பார்க்கும் பேச்சுகள் ஞாபகம் வராமல் போகாது. இருவரும் கல்யாணம் செய்துகொண்டு பினாங்குக்குப் போய்க் கஷ்டப்படுகிறார்கள், பிரசவத்துக்கு மகள் சிங்கப்பூர் திரும்புகிறாள், மாமியார் ஒரு பொய்த் தந்தி அடிக்கிறாள். அதற்கு மேல் சொல்லமாட்டேன். கடைசிக் காட்சியில் ரம்லி செய்வதைத் தாங்கிக்கொள்ள மனசில் தெம்பு வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றதில்லை. நம்ப முடியாத திருப்பங்கள் இதில் உண்டு, மிகையான அழுகை உண்டு. ஆனாலும் அந்த மனிதர் தானே பாடி, தானே நடித்து, தானே இயக்கி, அழ வேண்டிய இடத்தில் நம்மை அழவைத்துவிடுகிறார்.

இரண்டாவது முழுக்கச் சிரிப்பு. மூன்று பிரம்மச்சாரிகள் நடிகராக வேண்டும் என்று ஸ்டூடியோவுக்குப் போகிறார்கள், அந்த ஸ்டூடியோ ஜாலான் அம்பாஸேதான். அதாவது படம் எடுத்த இடத்தையே படத்துக்குள் பார்க்கலாம். 1961-ல் இந்த ஊரில் சினிமா எப்படி எடுத்தார்கள், விளக்கு எங்கே இருந்தது, கேமராவை எப்படி நகர்த்தினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. வசனத்தை மனப்பாடம் செய்ய வீட்டுக்கு வந்தால், அடுத்த அறையில் ஒருவன் டிரம்பெட் பழகுகிறான், இன்னொருவன் மோட்டார்சைக்கிளைப் பழுது பார்க்கிறான், ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டை போடுகிறார்கள். வீவக அடுக்குமாடி வீட்டில் மேல்மாடிக்காரர் நாற்காலி இழுக்கிற சத்தத்தோடு வாழ்கிற யாருக்கும் இந்தப் பகுதி பிடிக்கும். பத்து வயதுப் பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் இதுதான் சரி.

இணையத்தில் ரம்லி படங்கள் கிடைக்கின்றனவே, எதற்கு டிக்கெட் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் அரங்கத்தில் இருக்கிறது. இந்தப் படங்களைத் தொலைக்காட்சியில் பார்த்து வசனம் மனப்பாடமான மலாய்க்காரப் பெரியவர்கள் குடும்பத்தோடு வருவார்கள், வசனம் வருவதற்கு முன்பே சிரிப்பு வந்துவிடும், அந்தச் சிரிப்பு நம்மையும் இழுத்துக்கொள்ளும். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய காரணம் நம் வீட்டுப் பெரியவர்கள்தான். இந்த ஊரில் எழுபது, எண்பது வயதைத் தாண்டிய தமிழர்களில் நிறையப் பேருக்கு ஆங்கில சப்டைட்டில் படிக்க வராது. ஆனால் கம்பம் என்ற கிராமக் குடியிருப்பிலும் துறைமுகத்திலும் சந்தையிலும் பேசிப் பழகிய பசார் மலாய், அதாவது சந்தை மலாய், நன்றாகவே வரும். அவர்களை ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் இருட்டில் உட்கார வைத்துவிட்டு வருவதாகத்தான் ஆகும். ரம்லி படத்தில் தாத்தாவுக்குப் புரியும், நமக்குத்தான் சப்டைட்டில் வேண்டும். பேரன் தாத்தாவிடம் "அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டுத் தெரிந்துகொள்கிற வாய்ப்பு வேறு எந்தப் பழைய படத்தில் கிடைக்கும்? அவர்கள் இளமையில் நடந்த தெருக்கள், அந்தக் காலத்துக் கார்கள், உடைகள் எல்லாம் திரையில் வரும். படம் முடிந்தபிறகு அவர்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்தாதீர்கள், படத்தைவிட அது முக்கியம்.

இன்னொன்று. இந்தப் படங்கள் நிரந்தரமாக இருக்கும் என்று நினைப்பது தப்பு. நான் மேலே சொன்ன 1957 'பொந்தியானாக்' இன்றைக்கு யாரிடமும் இல்லை, தொலைந்தேவிட்டது. தமிழில் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' தொலைந்த மாதிரிதான் இதுவும். கேத்தே-கெரிஸ் மலாய்ப் படங்களில் தப்பிப் பிழைத்த 91 படங்களின் தொகுப்பு 2014-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. அதே பி.என். ராவ் 1958-ல் எடுத்த 'சும்பா பொந்தியானாக்' பிழைத்த படங்களில் ஒன்று. பேய்ப்படம் பிடிக்கும் இளவட்டங்கள் இருந்தால், அது எப்போதாவது அட்டவணையில் வரும்போது விடாதீர்கள். ஹுசைன் ஹனிஃப் எடுத்த 'ஹங் ஜெபாட்', 'டாங் அனோம்' இரண்டும் அதே கேத்தே-கெரிஸ் படங்கள்தான். அரசனுக்கு எதிராக ஒருவன் எழுந்து நிற்கும் கதையை 1961-ல் எவ்வளவு துணிச்சலாக எடுத்திருக்கிறார் என்று பார்க்க 'ஹங் ஜெபாட்' போதும்.

சரி, மலாய்ப் படம் அந்த மாதம் இல்லை, அல்லது ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். அடுத்து?

யாசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி', 1953. இதைப் பற்றி நான் சொல்வதைக் கேட்டு யாராவது பெற்றோரை உடனே கூட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து வயதான தம்பதி டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். மூத்த மகன் மருத்துவர், ஞாயிற்றுக்கிழமைகூட நோயாளியைப் பார்க்கப் போய்விடுகிறான். மகள் அழகு நிலையம் நடத்துகிறாள், அவளுக்கும் நேரமில்லை. பெற்றவர்களை என்ன செய்வது என்று தெரியாமல், பணம் போட்டு அத்தாமி என்ற வெந்நீரூற்று ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். போரில் இறந்துபோன மகனின் மனைவி நொரிக்கோ ஒருத்திதான் வேலைக்கு விடுப்பு எடுத்து அவர்களை ஊர் சுற்றிக் காட்டுகிறாள்.

தஞ்சாவூரிலிருந்தோ காரைக்குடியிலிருந்தோ சமூக வருகை அனுமதியில் அம்மா அப்பாவை வரவழைத்து, காலையில் நாம் வேலைக்குப் போய்விட, அவர்கள் பன்னிரண்டாவது மாடியில் கதவைப் பூட்டிக்கொண்டு தொலைக்காட்சி பார்க்க, வார இறுதியில் செந்தோசாவுக்கும் பறவைப் பூங்காவுக்கும் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்து அனுப்பிவிடுகிற நம் வாழ்க்கையை ஓசு எழுபது வருஷத்துக்கு முன்பே எடுத்துவிட்டார். யாரையும் வில்லனாக்கவில்லை. பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை, நேரமில்லாதவர்கள், அவ்வளவுதான். அதனால்தான் வலிக்கிறது. பெற்றோர் ஊரிலிருந்து வந்திருக்கும்போது அவர்களோடு உட்கார்ந்து இதைப் பார்ப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அவர்கள் வருவதற்கு முந்தைய மாதம், புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய்ப் பாருங்கள். பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டுப் போங்கள்.

தியேட்டரில்தான் பார்க்க வேண்டுமா என்றால், ஆமாம். ஓசு கேமராவைப் பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில் வைத்து அசைக்காமல் விட்டுவிடுகிறார். படம் 136 நிமிஷம், பெரிய சம்பவம் எதுவும் சீக்கிரம் நடக்காது. வீட்டில் பார்த்தால் இருபதாவது நிமிஷத்தில் கை கைப்பேசிக்குப் போய்விடும். இருட்டில், எழுந்து போக முடியாத இருக்கையில் உட்கார்ந்தால்தான் அந்த மெதுவான வேகம் நமக்குள் இறங்கும். அப்பாவாக நடித்த சிஷூ ரியூவுக்கு அப்போது வயது 49தான் என்பதைப் படம் முடிந்தபிறகு நினைத்துப் பாருங்கள்.

சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி'யை (1955) இதோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் இரண்டும் அடிக்கடி "கட்டாயம் பார்க்க வேண்டியவை" என்று ஒரே மூச்சில் சொல்லப்படுபவை. ஆங்கில சப்டைட்டில் படிக்க முடியாதவர்களுக்கு இரண்டில் ரேயின் படம்தான் வசதி. வங்காளி புரியாவிட்டாலும் அந்த வீடு புரியும்: இடிந்த சுவர், கடன், வெளியூர் போன அப்பா, ஒரு கொய்யாப்பழத்துக்காக வரும் சண்டை, யாருக்கும் வேண்டாதவளாக ஒண்டிக்கொண்டிருக்கும் கிழவி இந்திர். நம் கிராமங்களைத் தெரிந்த பாட்டிகளுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

இதில் தியேட்டருக்கான காரணம் காதும் கண்ணும் இரண்டுமே. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு அப்போது 21 வயது, அதற்கு முன் சினிமா கேமராவைத் தொட்டதுகூட இல்லை. நாணல் பூத்த வெளியில் அக்காவும் தம்பியும் ரயிலைத் தேடி ஓடுகிற காட்சியைச் சின்னத் திரையில் பார்த்தவர்கள் அதைப் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்வேன். ரவி சங்கர் ஒரே ராத்திரியில் உட்கார்ந்து பதிவு செய்து கொடுத்த இசை அது. ஊரிலிருந்து திரும்பி வந்த அப்பாவிடம் அம்மா ஒரு செய்தியைச் சொல்லி அழும் இடத்தில் அவள் குரலை எடுத்துவிட்டு தார் ஷெனாய் என்ற நரம்பு வாத்தியத்தின் ஒலியை மட்டும் வைத்திருக்கிறார் ரே. நல்ல ஒலிபெருக்கியில் அது நெஞ்சில் வந்து இடிக்கும், கைப்பேசியில் அது வெறும் கீச்சென்ற சத்தம்.

இந்தப் படத்தை இன்று பார்க்க முடிவதே ஒரு அதிர்ஷ்டம். இதில் தொடங்கும் அப்பு வரிசையின் மூன்று படங்களின் நெகட்டிவ்களும் 1993-ல் லண்டன் லேப் ஒன்றில் நடந்த தீ விபத்தில் கருகிப்போயின. பல வருஷங்களுக்குப் பிறகு இத்தாலியின் பொலோனியாவில் கருகிய சுருள்களைக் கையால் பிரித்துச் சுத்தம் செய்து, பயன்படாத இடங்களுக்கு வேறு நாடுகளில் இருந்த நல்ல பிரதிகளைத் தேடிப்பிடித்து, 2015-ல் 4கே தரத்தில் வெளியிட்டார்கள். 'பதேர் பாஞ்சாலி'யில் மூல நெகட்டிவ்விலிருந்து பயன்பட்டது பாதிக்கும் குறைவு. அதனால் அட்டவணையில் இந்தப் புதிய பிரதிதானா என்று பார்த்துவிட்டுப் போங்கள். மூன்று படங்களையும் ஒரே நாளில் போடுவதாக இருந்தால் எனக்குப் பிடிக்காது. முதல் படத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள், அதை ஜீரணிக்கவே சில நாள் வேண்டும்.

குரோசாவாவின் 'செவன் சாமுராய்' (1954) பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், காரணம் அது தன்னைத்தானே விற்றுக்கொள்ளும். கறுப்பு வெள்ளைப் படம் என்றாலே சலிப்பு என்கிற பதினாலு, பதினைந்து வயதுப் பையன் வீட்டில் இருந்தால் அவனுக்கு இதுதான் முதல் படம். கொள்ளைக்காரர்களிடமிருந்து கிராமத்தைக் காப்பாற்ற, சோறு மட்டுமே கூலி என்ற நிபந்தனைக்கு ஏழு வீரர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். 'ஷோலே' உட்பட எத்தனையோ படங்களுக்கு விதை இங்கேதான் இருக்கிறது. மழையிலும் சேற்றிலும் நடக்கும் கடைசிச் சண்டைக்குப் பெரிய திரை வேண்டும். சிக்கல் நீளம்தான்: 207 நிமிஷம், நடுவில் இடைவேளை. ராத்திரி ஏழரைக்கு ஆரம்பிக்கும் காட்சிக்குப் போனால் வெளியே வரும்போது பதினொன்றைத் தாண்டிவிடும், ஈசூனிலோ பாசிர் ரிஸிலோ இருப்பவர்கள் கடைசி எம்ஆர்டி ரயிலுக்கு ஓட வேண்டியிருக்கும். ஞாயிறு மத்தியானக் காட்சி இருந்தால் மட்டும் போங்கள்.

வோங் கார்-வாயின் 'இன் த மூட் ஃபார் லவ்' (2000) சிங்கப்பூரில் எப்போது போட்டாலும் சீக்கிரம் விற்றுத் தீரும் படங்களில் ஒன்று. 1962 ஹாங்காங்கில் பக்கத்துப் பக்கத்து அறையில் குடியிருக்கும் இருவர். அந்த ஆள் பிற்பாடு சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறான் என்பதால் நம் ஊரும் கதைக்குள் இருக்கிறது. 98 நிமிஷம்தான், அழகோ அழகு, கதாநாயகி மேகி சியுங்கின், உடம்போடு ஒட்டிய சியோங்சாம் என்ற சீன உடைகளையும் அந்தச் சிவப்பையும் பெரிய திரையில் பார்த்தால் கண் நிறைந்துவிடும். ஆனாலும் இதை நான் கீழே தள்ளுகிறேன். இது அடிக்கடி வரும் படம், வழக்கமான தியேட்டர்களில்கூட அவ்வப்போது வரும். இந்த வருஷம் தவறினால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். கல்யாண நாளுக்குப் போக ஒரு படம் வேண்டும் என்றால் மட்டும் விதிவிலக்கு.

தமிழ்ப் படமே இல்லையா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது, ஆனால் வேறு வழியாக வருகிறது. காப்பகங்களின் அட்டவணையில் பழைய தமிழ்ப் படம் வருவது அபூர்வம். மாறாக, பழைய வெற்றிப் படங்களை டிஜிட்டலாக்கி மறுவெளியீடு செய்யும்போது அவை வணிகத் தியேட்டர்களுக்கு வரும். 2012-ல் 'கர்ணன்' சென்னையில் மறுபடி ஓடிச் சாதித்ததற்குப் பிறகு இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எல்லா மறுவெளியீடும் சீரமைப்பு ஆகாது. கிட்டத்தட்டச் சதுரமாக எடுக்கப்பட்ட பழைய படத்தை அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டிவிடுவார்கள், நடிகரின் நெற்றியும் பரதம் ஆடுபவரின் பாதமும் காணாமல் போகும். நிறத்தை அடர்த்தியாக்கி, பின்னணியில் புதிய ஒலிகளைச் சேர்த்துவிடுவார்கள். ஒரு ஓவியத்துக்குத் தூசு தட்டுவதும் அதன்மேல் புதிதாக வண்ணம் அடிப்பதும் ஒன்றில்லை. முன்னோட்டத்தைப் பார்த்துத் தலைகள் வெட்டப்பட்டிருந்தால் காசை மிச்சப்படுத்துங்கள்.

நல்ல பிரதி கிடைத்தால் நமக்கு மிகவும் பொருத்தமானது பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்' (1979). கமலும் ரஜினியும் ஜெயப்பிரதாவும் சிங்கப்பூர்த் தெருக்களில் நடக்கும் படம். கதை ரொம்பப் பலமானது என்று சொல்லமாட்டேன். ஆனால் நாற்பது வருஷத்துக்கு மேலான சிங்கப்பூர் அப்படியே வண்ணத்தில் இருக்கிறது, மெல்லிசை மன்னரின் பாட்டு ஒவ்வொன்றுக்கும் அரங்கமே சேர்ந்து பாடும், சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் ரஜினியின் பந்தயக் காட்சிக்கு விசில் பறக்கும். எம்.ஜி.ஆர். தானே இயக்கிய 'உலகம் சுற்றும் வாலிப'னிலும் (1973) நம் ஊர் கொஞ்சம் வரும், ஜப்பானின் எக்ஸ்போ 70-யும் வரும். ஒரு நண்பர் கூட்டத்தோடு ஆர்ப்பாட்டமாக ஒரு மாலை வேண்டுமா, இந்த இரண்டில் ஒன்று. அமைதியாக ஒரு படம் வேண்டும் என்றால் இவை வேண்டாம்.

டிக்கெட் எடுக்கும்முன் பார்க்க வேண்டியவை சில. தணிக்கைக் குறியீடு முதலில்: என்சி16 என்றிருந்தால் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களை உள்ளே விடமாட்டார்கள், எம்18, ஆர்21-க்கும் அப்படியே, பெற்றோர் கூட வந்தாலும் பயனில்லை. பிஜி13 என்பது அறிவுரை மட்டும்தான். அடுத்து, எந்தப் பிரதியைத் திரையிடுகிறார்கள் என்று குறிப்பில் போட்டிருக்கும். 4கே சீரமைப்பு என்றோ 35 எம்எம் என்றோ இருந்தால் தயங்காமல் போங்கள், வட்டிலிருந்து போடுவதாகத் தெரிந்தால் வீட்டுத் தொலைக்காட்சிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஐம்பதுகளின் படங்கள் சதுரத்துக்கு நெருக்கமான வடிவம் என்பதால் அகலத் திரையில் நடுப்பகுதியை மட்டும்தான் நிரப்பும், வழக்கமாக உட்காருவதைவிட இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்தால் நன்றாக இருக்கும். ஓல்டம் தியேட்டருக்குப் போகும் கேனிங் ரைஸ் மேடான சாலை. முட்டிவலி உள்ளவர்களை எம்ஆர்டியிலிருந்து நடக்கவைக்காதீர்கள், டாக்சியில் வாசலிலேயே இறக்கிவிடுங்கள். அரங்கம் சின்னது, நூற்றுச் சொச்சம் இருக்கைதான், நல்ல படங்களுக்கு விற்பனை தொடங்கிய சில நாளிலேயே இடம் போய்விடும்.

ஒரே வாரத்தில் 'இபு மெர்த்துவாகு'வும் 'பதேர் பாஞ்சாலி'யும் வந்து, ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால்? தனியாகப் போவதாக இருந்தால் நான் ரேயின் படத்துக்குப் போவேன், இரண்டில் அதுதான் பெரிய படைப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டில் மலாய் பேசத் தெரிந்த தாத்தாவோ பாட்டியோ இருந்து, அவர்களால் இரண்டு மணி நேரம் உட்கார முடியும் என்றால், யோசிக்காமல் ரம்லி படத்துக்கு மூன்று டிக்கெட் எடுங்கள். ரேயின் படம் உலகமெல்லாம் சுற்றும், திரும்பவும் வரும். பாட்டிக்கு மட்டும் நடுவழியில் எழுந்து போக வசதியாக ஓரத்து இருக்கையாகப் பார்த்து எடுங்கள், நடுவில் மாட்டிக்கொண்டால் இடைவேளை இல்லாத படத்தில் சிரமப்படுவார்கள்.